சால மரமும் அதனைத் துளைக்கும் வண்டும்

பகவான் மகாவீரர் கேவலஞானம் எய்தியது ரிஜுகூலா நதிக்கரையில், ஒரு சால மரத்தடியில் என்பதைச் சமண இல்லங்களில் சிறுவரும் அறிவர். குங்கிலியம் தரும் அம்மரம் நடு இந்தியக் காடுகளில் இன்றும் ஓங்கி நிற்கிறது. அதனைக் காக்கும்பொருட்டு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டதும் உண்டு. அது நம்முன் வைக்கும் அறவினாவை ஈண்டுச் சிந்திப்போம்.

சால மரத்தைத் துளைக்கும் வண்டு, நீண்ட உணர்கொம்புகளையுடைய இனத்தைச் சார்ந்தது. ஆண் வண்டின் கொம்புகள் அதன் உடலினும் நீண்டவை. ஜூன் திங்களில் முதல் மழை பெய்ததும் அது மரத்தினின்று வெளிப்படும். பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு முதலில் பட்டையின் அடியிலும், பின்னர் மரத்தின் வைரத்திலும் குடைந்து செல்லும். அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஓராண்டு வாழ்வில் அது வெளியுலகைக் காண்பது சில வாரங்களே.

வலிமையுள்ள மரத்தில் நுழையும் இளம்புழு, ஊறிவரும் பிசினில் மூழ்கி மடியும். ஆதலின் இயல்பான காலங்களில் நலிந்த மரங்களும் வீழ்ந்த மரங்களுமே அதன் உறைவிடம். அவற்றை மீண்டும் மண்ணாக்கும் பணியில் அதற்கும் பங்குண்டு.

1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்து மண்டலா, டிண்டோரிப் பகுதிகளில் இவ்வண்டு அளவின்றிப் பெருகியது. இலட்சக்கணக்கான சால மரங்கள் பாதிப்புற்றன. வெட்டிய சாலத்துண்டின் பட்டையை நசுக்கி வைத்தால், சாற்றின் மணத்தை நாடி வண்டுகள் வந்து, குடித்து மயங்கிக் கிடக்கும். சிற்றூர் மக்கள் அவற்றைப் பொறுக்கிக் கொன்றனர். எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றனர்.

ஓரறிவுடைய மரத்தைக் காக்க, அறிவில் மிக்க வண்டைக் கொல்லலாமோ? கொல்லாது விடின், காட்டை நம்பி வாழும் பல்லுயிர்களின் கதி யாது?

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதும், பின்னர்ப் பல்லாண்டுகள் கற்பித்ததும் 'நன்மை செய்யும் பூச்சிகள்', 'தீமை செய்யும் பூச்சிகள்' என்னும் இரு பட்டியல்களே. கரும்பலகையின் நடுவே கோடிட்டு எழுதினோம். மரத்தைத் துளைப்பது இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அக்கோடு நாம் இட்டது, வண்டு இட்டதன்று என்பதை மாணவர்க்கு ஒருநாளும் சொன்னோமில்லை. அக்குறையை இன்று உணர்கிறோம்.

வண்டு பெருகுவதற்கு மழை மிகுதி போன்ற காரணங்கள் உண்டு. ஆயினும் வெட்டிய மரங்களை மழையில் கிடக்கவிடின், அவையே அதன் பிறப்பிடமாகின்றன. மழைக்காலத்தில் மரம் வெட்டாதிருத்தலும், வெட்டியவற்றை முன்னரே அகற்றுதலும் வனத்துறையினர் அறிந்த தடுப்பு முறைகள். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிரைப் போக்கும் செயலோடு விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. எனவே வண்டை நசுக்கிய கையில் மட்டும் இம்சையைத் தேடுதல் போதாது. மரத்தை வெட்டி, மறந்து போட்டுச் சென்ற நாளிலேயே அது தொடங்கிவிட்டது.

கூலிக்காகக் கொன்ற ஏழை எளியோரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. காடு முழுதும் அழியும் நிலையில் வேறு வழி இருந்ததென்றும் நாம் கூறத் துணியோம். ஆனால் தவிர்க்கவியலாத இம்சையும் இம்சையே. அதற்கு அறம் என்று பெயரிடலாகாது. அதற்காக வருந்துதலும், அது மீண்டும் நேராவண்ணம் முன்னரே விழித்திருத்தலுமே இல்லறத்தார்க்கு இயன்ற கொல்லாமை.

நம் வீட்டு முதியோர் விறகைத் தட்டி, துளையிருக்கிறதா என நோக்கிய பின்னரே அடுப்பிலிடுவர். துளை கண்டால் அந்த விறகைத் தனியே வைப்பர். அடுப்பு மறைந்தாலும் அந்தப் பார்வை நம் இல்லங்களில் மறையாதிருப்பதாக.