விருப்பங்களை நிரற்படுத்தல்: ஓர் அறவியல் நோக்கு

பலவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேறு. பலவற்றை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என நிரற்படுத்தல் வேறு. ஒன்றைத் தெரிபவன் ஏனையவற்றை விட்டு நீங்குகின்றான். அவற்றைப் பற்றி மேலும் எதுவும் கூற அவன் கடமைப்பட்டவன் அல்லன். நிரற்படுத்துபவனோ, விரும்பியது கைகூடாவிடின் எதனோடு அமைவான், அதுவுங் கைகூடாவிடின் எதனோடு அமைவான், எதனோடு ஒருபோதும் அமையான் என்பவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிடுகின்றான். தன் ஏமாற்றங்களுக்கும் முன்கூட்டியே ஒழுங்கு வகுக்க வேண்டிய இந்நிலை முன்னோருக்கு அடிக்கடி நேர்ந்ததில்லை. பாய்க்கப்பற் காலத்து வல்வெட்டித்துறைத் தண்டையல் தான் செல்ல விரும்பும் துறைகளை வரிசையிட்டு எவரிடமும் கொடுக்கவில்லை. காற்றும் சரக்கும் அவனுக்காக அதனைச் செய்தன. இன்று அவ்வூரில் உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திற் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் இடுகின்றனர். மருத்துவம் கற்று முடித்தோர் உள்ளகப் பயிற்சிக்குரிய வைத்தியசாலைகளைத் திறமை வரிசைப்படி பெறுகின்றனர். எனினும், நிரற்படுத்தலின் அறவியற் சிக்கல் முழுமையாக வெளிப்படுவது பிறிதோரிடத்தில். அஃதாவது, மருத்துவ உளவியல் கற்போர் தம் பயிற்சிக்குரிய இடங்களை நிரற்படுத்தும் முறையில்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் மருத்துவ உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற முயல்வோர், பட்டத்துக்கு முன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுதல் வழக்கு. 1999ஆம் ஆண்டுக்கு முன் இவ்விடங்கள் குறித்த ஒரு நாளிற் தொலைபேசி வழியே பங்கிடப்பட்டன. வந்த அழைப்பை ஏற்பதா, வரக்கூடிய அழைப்புக்குக் காத்திருப்பதா எனத் தெரியாத பதற்றத்திற் பலர் தம் ஓராண்டைத் தீர்மானிக்க நேர்ந்தது. 1999 முதல் அப்பணி கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் இடங்களை நிரற்படுத்துவர். இடங்கள் மாணவரை நிரற்படுத்தும். இரண்டையும் பொருத்திக் கணினி தரும் முடிவு இரு பாலாரையும் கட்டுப்படுத்தும். எந்த இடத்தை எவ்வரிசையில் இட்டீர் என மாணவரிடம் கேட்டலும், உம்மையே முதலாவதாக இட்டேன் என மாணவர் சென்று கூறுதலும் விதிகளால் விலக்கப்பட்டவை. (முகத்துதிக்கு இடமளியாத விதிகள் உலகில் அரியவை என்பதால் இதனை ஈண்டுக் குறித்தல் தகும்.)

இம்முறையின் மூலம் மருத்துவ மாணவருக்காக 1952இல் அமெரிக்காவில் தொடங்கிய பொதுப் பொருத்தமுறையாகும். முதலில் முன்மொழியப்பட்ட முறையில், அடைதற்கரிய இடத்தை உண்மையாக முதலில் இட்டவன், தந்திரமாக எளிய இடத்தை முதலில் இட்டவனிலும் தாழ்ந்த நிலையை அடையக்கூடும் என மாணவர் கண்டு எதிர்த்தனர். அதன் பயனாக வேறொரு முறை ஏற்கப்பட்டது. உண்மை பேசுவோரைத் தண்டியாத முறை வேண்டும் என மாணவரே கேட்டனர் என்பது கவனித்தற்குரியது. அம்மாற்று முறைக்குப் பொஸ்ரன் நகரின் பெயர் வழங்குகின்றது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இற் சென்றடைந்த குளொஸ்ரர் துறையும் அந்நகருக்கு அண்மையிலேயே உள்ளது. இஃது ஈண்டுப் பொருளுக்குப் புறம்பாயினும் அவ்வூரார் மறவாத செய்தி. இத்தகைய பொருத்தங்களின் கணிதத்தை டேவிட் கேல், லொயிட் ஷாப்லி ஆகிய இருவரும் 1962இல் விளக்கினர். அதனை நடைமுறைக்கு விரித்த அல்வின் றொத்தும் ஷாப்லியும் 2012இற் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்தனர்.

கணிதத்தை விடுத்து அதன் கருத்தை மட்டும் நோக்கின் அது மிக எளியது. கணினி மாணவியை அவள் முதலில் இட்ட இடத்திடம் கொண்டு செல்கின்றது. அவ்விடம் அவளைத் தற்காலிகமாக ஏற்கலாம். பின்னர் தான் மேலாக விரும்பும் ஒருவர் வரின் அவளை விடுவிக்கலாம். விடுவிக்கப்பட்டவள் தன் இரண்டாம் இடத்துக்குச் செல்கின்றாள். அங்கு அவள் இரண்டாவதாக வந்தவளாகக் கருதப்படுவதில்லை. முதலிலேயே அவ்விடத்தை நாடியிருப்பின் எவ்வுரிமை பெறுவாளோ அவ்வுரிமையையே பெறுகின்றாள். ஆகவே எட்டாத கனியை முதலிற் கேட்டமையால் எட்டும் கனி நழுவிப் போவதில்லை.

இவ்வுண்மை எளிதாயினும் மனித மனம் அதனை எளிதில் ஏற்பதில்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம் நிரப்பப்படும் வீடுகளில், தந்தையும் மாமன்மாரும் ரியூசன் ஆசிரியரும் சூழ்ந்திருந்து, “கிடைக்கக் கூடியதை மேலே போடு பிள்ளை” என அறிவுரை கூறுதல் இன்றுங் கேட்கப்படுவது. அங்கும் இசற் புள்ளியின்படி தகுதி பெறும் மிக உயர்ந்த விருப்பமே வழங்கப்படுகின்றமையால், கிடைக்கக் கூடியதை மேலே இடுபவன் தான் விரும்பியதைத் தானே இழக்கின்றானன்றி வேறொன்றும் பெறுவதில்லை. வாழ்வில் நேர்மை பெரும்பாலும் இழப்பையே தந்து பழகிய ஒரு சமுதாயம், நேர்மையே இலாபமாகும் ஒரு முறையை ஐயத்தோடு நோக்குதல் இயல்பே.

இவ்வாறு தந்திரத்துக்கு இடமில்லையென்றாகியபின் எஞ்சுவது உண்மை ஒன்றே. ஆயின், தான் எதனை விரும்புகின்றாள் என்பது ஒருத்திக்கு எவ்வாறு தெரியும்? மெய்யியலின் பழைய வினா ஒன்று ஈண்டு ஒரு படிவத்தின் உருவில் வந்து நிற்கின்றது. பிளேற்றோ தம் ‘குடியரசில்’ அணிந்தவரைக் கண்ணுக்குப் புலனாகாதவராக்கும் கைஜீசின் மோதிரத்தைப் பற்றிக் கூறுகின்றார். எவரும் காணாதவிடத்தும் ஒருவன் நீதியோடு ஒழுகுவானா என்பதே அங்கு எழுப்பப்படும் வினா. அம்மோதிரத்தைச் சற்று மாற்றி ஈண்டும் பயன்கொள்ளலாம். எங்கே பயிற்சி பெற்றாள் என்பது உற்றார்க்கோ ஊரார்க்கோ பின்னர் வேலை வழங்குவோர்க்கோ ஒருபோதும் தெரியவராது எனக் கொள்வோம். அப்பொழுதும் அந்நிரல் அவ்வாறே இருக்குமா? இருக்குமெனின் அது அவளுடையது. மாறுமெனின், மாறும் அளவுக்கு அது பிறருடைய விருப்பம். அவளுடைய கையெழுத்தில் எழுதப்பட்டது, அவ்வளவே. புகழ் வாய்ந்த இடத்தை விரும்புதல் தவறன்று. அங்குள்ள நல்லாசிரியரை விரும்புதலும், அதன் பெயரைச் சொல்லும்போது கேட்போர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை விரும்புதலும் இரு வேறு விருப்பங்கள் என்பதே கூறப்படுவது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். வல்வெட்டித்துறையிற் பிறந்து, சிறு வயதிற் பெற்றோருடன் ரொறன்ரோ சென்று, மருத்துவ உளவியல் கற்கும் ஒருத்தியைக் கருதுக. அவள் முன் மூன்று இடங்கள் உள. ஒன்று பெயர்பெற்ற பல்கலைக்கழக வைத்தியசாலை. மற்றொன்று அகதிகளாக வந்தோரை, அவருள் தமிழரையும், பார்க்கும் சிறியதொரு சமூக நிலையம். அங்கு ஊதியமும் குறைவு, மேற்பார்வையாளரும் ஒருவரே. மூன்றாவது தாயாருடைய வீட்டுக்கு அண்மையிலுள்ள இடம். ஊரிலிருக்கும் அம்மம்மா தொலைபேசியில், “எங்கட சனத்தைப் பாக்கிற இடம் எது பிள்ளை?” என்று மட்டுங் கேட்கின்றார். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கேட்பவர் 1987 மே மாதத்தில் வடமராட்சி மீது நடந்த படை நடவடிக்கையைக் கண்டவர். 1989 ஓகஸ்ற் தொடக்கத்தில் அவ்வூரில் ஐம்பதின்மருக்கு மேற்பட்ட பொதுமக்கள் இந்திய அமைதிப்படையினராற் கொல்லப்பட்ட நாள்களில் வாழ்ந்தவர். 2004 திசெம்பரிற் கடல் பொங்கி வந்த வடமராட்சிக் கரையோரத்தவர். போர் தமிழரின் உள்ளத்தில் விளைத்தவற்றை யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவிருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஒரு நூலாக எழுதினார். தனியொருவரின் நோயாக மட்டுமன்றி ஒரு சமுதாயம் முழுவதற்கும் ஏற்பட்ட கூட்டு வடுவாகவும் அதனை நோக்கல் வேண்டும் எனப் பின்னர் வற்புறுத்தினார். ஆகவே அம்மம்மாவின் வினாவிற் பாசம் மட்டுமன்றி ஒரு தேவையின் குரலும் உண்டு.

ஆனால், தேவையுள்ள இடத்திற் பிறந்தமை ஒருத்தியின் விருப்பத்தை அடகு வைத்துவிடுமா? 1945இல் நிகழ்த்திய விரிவுரையொன்றிற் சார்த்தர், தனித்திருக்கும் தாயோடு தங்குவதா, நாட்டின் விடுதலைப் படையிற் சேர இங்கிலாந்து செல்வதா எனத் தம்மிடம் வந்து கேட்ட மாணவனைப் பற்றிக் கூறுகின்றார். எந்த ஒழுக்க நூலும் அவனுக்கு விடை தரவில்லை. யாரிடம் ஆலோசனை கேட்பது என்று தெரிந்தபோதே அவன் ஓரளவு முடிவைத் தெரிந்துவிட்டான் என்பது சார்த்தரின் கருத்து. நம் மாணவிக்கும் இது பொருந்தும். பேராசிரியரிடம் கேட்பின் வைத்தியசாலை முதலாகும். தாயாரிடம் கேட்பின் வீட்டருகே உள்ளது முதலாகும். அம்மம்மா கேட்காமலே சொல்லிவிட்டார். அமர்த்தியா சென் 1977இல் எழுதிய கட்டுரையொன்று மேலும் ஓர் ஒளி தருகின்றது. ஒருவன் தெரிவனவெல்லாம் அவன் நலனையே காட்டுவன என்னும் பொருளியலாரின் கொள்கையை மறுத்து, தன் நலனுக்கு மாறாயினும் கடப்பாட்டினால் ஒன்றைத் தெரிதலும் மனித இயல்பே என அவர் வாதிட்டார். கணினிக்கு இவ்வேறுபாடு புலப்படாது. முதலிடத்தில் இருப்பது ஆசையா கடப்பாடா என அது வினவுவதில்லை. எழுதியவள்தான் அதனை அறிதல் வேண்டும். கடப்பாட்டை ஆசையென்று தன்னை ஏமாற்றிக்கொள்பவள் ஓராண்டு முழுவதும் அதற்கு விலை கொடுப்பாள், அவளிடம் வரும் நோயாளரும் கொடுப்பர்.

ஈண்டுக் கணிதம் மீண்டும் குறுக்கிடுகின்றது. இக்கட்டுரையின் மையமும் இதுவே. நாட்டுப்புற வைத்தியசாலைகளுக்கு மருத்துவர் கிடையாத குறையைப் பொருத்தமுறையைத் திருத்தித் தீர்க்கலாம் என ஒருகாற் கருதப்பட்டது. ஒருவரையொருவர் மேலாக விரும்பும் மாணவரும் இடமும் பிரிந்து நில்லாத பொருத்தத்தை நிலையான பொருத்தம் என்பர். அத்தகைய பொருத்தம் எதனை எடுப்பினும், இடம் நிரம்பாது நிற்கும் வைத்தியசாலை அதே சிலரையே பெறும், ஒருவரைக்கூட மேலதிகமாகப் பெறாது என றொத் 1986இல் நிறுவினார். இதன் பொருள் யாது? நிரல்கள் அவ்வாறே இருக்க, எந்நிலையான முறையும் சிற்றூருக்கு உதவாது. 1970களில் யாழ்ப்பாண மாணவரைத் தாக்கிய தரப்படுத்தலின் அநீதி முறையில் இருந்தது. ஆதலால் முறையை எதிர்த்துக் குரலெழுப்ப முடிந்தது. இங்கோ முறை குற்றமற்றது. குறை எங்கேயிருக்கின்றதெனின், தனித்தனி அறைகளில், தனித்தனி மேசைகளில், எவரையும் வஞ்சியாது உண்மையாக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான நிரல்களில் இருக்கின்றது. ஒவ்வொருவரும் நேர்மையாக எழுதியவற்றின் கூட்டுத்தொகை ஓரூருக்கு எவரும் இல்லாமை. இதற்கு எவர்மீது குற்றஞ் சுமத்துவது?

இதனால், தேவை மிக்க இடத்தையே முதலில் இடுதல் கடமை என முடிவு செய்தலும் பொருந்தாது. பயிற்சி என்பது கற்றற்குரிய காலம். வள்ளுவர் வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் அடுத்து இடனறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆழ்நீரில் வெல்லும் முதலை நீரை நீங்கின் பிறவற்றால் வெல்லப்படும் என்பதும் அங்கு கூறப்படுவது. மேற்பார்வையின்றி, அரைகுறையாகக் கற்றவள் பெருவடுவுற்றோரைத் தொடுவது தொண்டாகாது. மேலும், தன் ஊரவரையே பார்த்தலில் ஓரிடர் உண்டு. வல்வெட்டித்துறை போன்ற ஊரில் ஒருவர் மற்றொருவருக்கு ஏதோ ஒரு முறையில் உறவினராவர். உளவளத்துணைக்கு வருபவர் தம் மறைபொருளைப் பெரியம்மாவின் மகளிடம் கூறுவாரா? கூறினும் அவள் அதனைக் கேட்டபின் அம்மன் கோயில் இந்திரவிழாவில் அவரைக் கண்டு எவ்வாறு நிற்பாள்? தான் பிறந்த வீட்டின் காயத்தையே பிறரிடம் காணும்போது, எது அவருடையது, எது தன்னுடையது எனப் பிரித்தறியும் திறன் பயிற்சியால் மட்டும் வருவது.

எனவே பல்கலைக்கழக வைத்தியசாலையை முதலில் இடுபவள் தன் சனத்தைக் கைவிட்டாள் என்றல் அவசர முடிபு. ஆனால், “முதலிற் கற்றுக்கொண்டு பின்னர் அவர்களிடம் செல்வேன்” என்னும் வாக்கு மனித மொழியில் மிக மலிவானது என்பதும் மறுத்தற்கரியது. அவ்வாறு கூறிச் சென்று திரும்பாதோர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவ்வாக்கு வெறுஞ் சொல்லா என்பதை அறியும் வழி நிரலின் முதலிடத்தில் இல்லை, இரண்டாமிடத்தில் உண்டு. முதலிடம் பெரும்பாலும் புகழுக்கும் ஆசைக்கும் எளிதிற் போய்விடும். அது கிட்டாவிடின், அதேவகைப் புகழுடைய மற்றொரு வைத்தியசாலையா, அன்றி அச்சிறு நிலையமா என்னுமிடத்தே அவள் உண்மையில் எதனைக் கற்க விரும்பினாள் என்பது தெரியவரும்.

நிரலிற் சேர்க்காது விடும் இடமும் ஒரு கூற்றே. ஓரிடத்தை எழுதாது விடுபவள், அதனிலும் இவ்வாண்டில் எவ்விடமும் கிடையாமை மேல் எனக் கூறுகின்றாள். மனமின்றி அலங்காரத்துக்காகச் சிறு நிலையத்தைக் கடைசியில் எழுதுபவளோ, முடிவு இரு பாலாரையும் கட்டுப்படுத்துமாதலால், வேண்டாத ஒருத்தியாக ஓராண்டு அங்கே அமர நேரும். அங்கு வரும் முதியவள் ஒருத்தி, எதிரில் இருப்பவளுக்குத் தன்னைப் பார்க்க விருப்பமில்லை என்பதை மொழிபெயர்ப்பாளரின்றியே அறிந்துகொள்வாள். ஆகவே அந்நிலையத்தை எழுதுவதாயின், அங்கு சென்று இருக்கக்கூடிய தன்னை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தபின் எழுதுதல் வேண்டும். எண்ண இயலாவிடின் எழுதாது விடுதல் அவ்விடத்தார்க்குச் செய்யும் மரியாதை. அம்மம்மாவுக்கு என்ன விடை கூறுவது என்பது அதன்பின் அவள் தீர்மானிக்க வேண்டியது.