கல்லறைத் தோட்டம் வரை வரும் உறவு

இன்றைய கிறிஸ்தவ சபைகள் மனிதருக்கு உண்மையான உறவைத் தருகின்றனவா என்ற கேள்விக்கு, ஆராதனையின் பாட்டுச் சத்தத்தையோ வாசலில் கிடைக்கும் வரவேற்பையோ வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரம் ஒன்றாக உட்கார எந்தக் கூட்டத்தாலும் முடியும். யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள், யார் பிள்ளைக்கு யார் பெண் கொடுக்கிறார்கள், இறந்தவரை எந்தத் தெரு வழியாகத் தூக்கிப்போய் எந்த மண்ணில் புதைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் பதில் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44 லட்சம் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சபைகளை இந்த மூன்றையும் கொண்டு அளந்தால் எனக்குத் தெரிவது இதுதான்: சபை உறவைத் தாராளமாகவே தருகிறது, ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே உறவாக இருப்பவர்களுக்குத்தான் தருகிறது. பிறப்பைக் கேட்காமல் சேர்த்துக்கொள்வதாக அது வாக்களித்த உறவு இன்னும் கடனாகவே நிற்கிறது.

தருவதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திருநெல்வேலிச் சீமையில் 1799-ல் முதலூர் உருவானதே, கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் வாழ முடியாமல் அடிபட்டு வந்தவர்களுக்காகத்தான். அவர்களைக் குடியமர்த்த டேவிட் சுந்தரானந்தம் முன்னின்றார். வீடும் கிணறும் கோயிலும் சேர்ந்தே எழுந்தன. அங்கே சபை என்பது தலைக்கு மேல் கூரையாக இருந்தது. அந்த வட்டாரத்து ஊர்களில் அசனப் பண்டிகையன்று ஊரே ஒரே சமையலில் சாப்பிடுவதும், அடுப்பில் உலை வைக்கும்போது பெண்கள் சபைக்காகக் கைப்பிடி அரிசியை ஒதுக்கி வைப்பதும் அந்த வழியில் வந்தவைதான். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற பெயரில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கின்றன. நோயாளியைப் பார்க்கப் போகின்றன. இதன் மதிப்பை ஆய்வும் உறுதி செய்திருக்கிறது. அமெரிக்கர்களிடையே ஆய்வு நடத்தி சேயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் 2010-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆராதனைக்குப் போகிறவர்களின் மனநிறைவுக்குப் பெரிய காரணம் சபைக்குள் அவர்களுக்கு இருக்கும் நண்பர்கள். நண்பர் யாரும் இல்லாமல் வாராவாரம் போய் வருகிறவர், போகாதவரைவிட அதிக நிறைவோடு இல்லை. ஆக, சபை என்பது ஆள் ஆளைத் தாங்குகிற இடம். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதுதான் மீதிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு வடக்கன்குளம் போல வெளிப்படையாகப் பதில் சொன்ன ஊர் வேறு இல்லை. 1870-களில் அங்கே கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு நீண்ட பகுதிகள். இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார் முதலானோர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும். மக்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரே அப்பத்தை வாங்கிக்கொண்டே ஒருவரையொருவர் பார்க்காமல் வாழ்நாள் முழுவதும் இருந்துவிட முடியும் என்பதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காட்டினார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் இரண்டு பகுதிகளையும் பிரித்த தடுப்புச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு தொடுத்த வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சீர்திருத்த சபைகளின் கதையும் அதிகம் வேறுபடவில்லை. சாதி வேற்றுமையைச் சபைக்குள் அறவே விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இத்தனை கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே, திருவிருந்தில் எல்லாரும் வேறுபாடில்லாமல் சேர வேண்டும் என்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். பக்தி குறைந்தவர்கள்தான் சாதி பார்த்தார்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

இவை பழங்கதைகளும் அல்ல. எறையூர் என்ற ஊரின் பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதியால் பிரித்த சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 2016-ல் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கல்யாண விளம்பரங்களைப் பார்த்தால் போதும்: சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. உடையார் என்று ஞானஸ்நானமும் சாதியும் ஒரே வரியில் நிற்கும்.

இது சமுதாயத்தின் நோய், சபையின் நோயல்ல என்பார்கள். சமுதாயத்திடமிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் மற்ற எந்தச் சங்கமும், பிறப்பை மீறிய ஒரே உடல் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. சபையைச் சபை சொன்ன சொல்லைக் கொண்டே அளக்கிறோம். வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவரவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மத்திய இந்தியாவில் மிஷனரியாக இருந்த டொனால்டு மெக்காவ்ரன், இனம், மொழி, வகுப்பு ஆகிய எல்லைகளைத் தாண்ட வேண்டிய அவசியமில்லாமல் கிறிஸ்தவராவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று எழுதினார். இங்கே சாதி சாதியாக நடந்த மதமாற்றங்களைக் கண்டு அவர் எடுத்த முடிவு, பின்னால் அமெரிக்காவில் சபை வளர்ச்சிக் கொள்கையானது. ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்பதைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. எப்படி வந்தார்களோ அப்படியே இருந்துவிடலாம் என்பது அதிலிருந்து வராது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டபோது, பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று விடவில்லை. எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். சபையின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பதைப் பற்றியது.

தலித்துகளே தனிப் பங்கு கேட்கிறார்களே, அப்படியானால் பிரிந்திருப்பது அவர்களுக்கும் பிடித்துத்தானே இருக்கிறது என்ற வாதம் எனக்கு வேதனை தருகிறது. வீட்டின் முன்வாசல் வழியாக வராதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர், கடைசியில் தனி வீடு கேட்டால், அவருக்குத் தனிமை பிடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் கேட்டது தங்கள் பிணம் பொதுத் தெருவில் போகும் மரியாதை. அதுவும் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் மறுத்த மரியாதை இல்லை. கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்று 1950-ஆம் ஆண்டு ஆணையின் வழியாக அரசும் கைவிட்டவர்கள் அவர்கள்.

நகரத்துப் பெரிய சுயாதீன சபைகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாக ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே யாரும் சாதி கேட்பதில்லை, அது நல்லதுதான். ஆனால் ஆயிரம் நாற்காலிகளுக்கு நடுவே பேரையும் யாரும் கேட்பதில்லை. மூன்று வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. எளியவர்களின் சிறிய பெந்தெகொஸ்தே சபைகள் வேறு மாதிரி. சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் தங்கி ஆராய்ந்த நதானியேல் ராபர்ட்ஸ் 2016-ல் வெளியிட்ட நூலில், கந்துவட்டிக் கடனையும் வீட்டுக்குள் படும் அடியையும் வெளியே சொல்ல முடியாத பெண்கள், அங்கே ஒருவர் துயரத்தை இன்னொருவர் தன் ஜெபமாக எடுத்துக்கொள்வதைக் காட்டுகிறார். அதனால் இந்து அண்டைவீட்டாரிடமிருந்து அவர்கள் பிரிந்துபோகவும் இல்லை. பணமும் கட்டடமும் இல்லாத இடத்தில் இது நடக்கிறது. இருக்கிற இடத்தில் நடக்காததற்கு வசதிக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது.

சபையின் வேலை ஆத்தும இரட்சிப்பு, சமூக உறவு அதற்கு அடுத்ததுதான் என்று கடைசியாக ஒதுங்குகிறவர்களுக்குத் திருவிருந்தைத்தான் காட்ட வேண்டும். கிறிஸ்தவத்தின் மையச் சடங்கே சேர்ந்து உண்பது. பசித்தவர் காத்திருக்க வசதியுள்ளவர் முந்திச் சாப்பிட்டதற்காகத்தான் கொரிந்து சபைக்குக் கண்டனம் வந்தது.

சபைத் தலைவர்கள் செய்யத் தொடங்க வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. சாதியால் பிரிந்த கல்லறைத் தோட்டம் தங்கள் எல்லைக்குள் எங்கே இருந்தாலும் ஆயரும் பேராயரும் அதை ஒன்றாக்க வேண்டும். தேர்ப்பவனியும் சவ ஊர்வலமும் எல்லாத் தெரு வழியாகவும் போக வேண்டும். சாதி கடந்து மணம் செய்துகொள்ளும் பிள்ளைகளைச் சொந்தக் குடும்பம் கைவிடும்போது சபைக் குடும்பங்கள் அவர்கள் பக்கம் நின்று பந்தல் போட வேண்டும். 1910-ல் ஒரு குரு கோயில் சுவரை இடித்தபோது, ஆயர் பேரவையின் கொள்கை ஆவணம் அவருக்குத் துணையாக இருக்கவில்லை. இன்று அந்த ஆவணம் இருக்கிறது. கையில் எடுக்க வேண்டியது கடப்பாரை.