செத்த கால்வாய் என்று யார் சொன்னது?

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் கடற்கரைக்குப் போனால், சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு பாலம் வரும். பைக்கில் பின்னால் இருந்த நண்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கூவம்டா” என்றான். கூவம் அங்கே எங்கே இருக்கிறது? அது பக்கிங்ஹாம் கால்வாய். நாறுகிற தண்ணீருக்கெல்லாம் சென்னையில் ஒரே பெயர்தான்.

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது. பிறகு வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சம், தெற்கே மரக்காணம் என்று சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. உப்பும் விறகும் படகில் வந்தன. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877-78-ல், தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டினார்கள். 1877-ல் அத்தகைய வேலைகளில் ஆணுக்கு ஒருநாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டிருந்தது. அதாவது அரை கிலோகூட இல்லை. கால்வாய்க்கு வைத்தது கவர்னரின் பெயர். மண் சுமந்தவர்களின் பெயரை அல்ல.

அப்புறம் ரயில், லாரி. 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. பறக்கும் ரயிலுக்கான தூண்களும் அதற்குள்ளேயே இறங்கின. “செத்துப்போச்சு” என்கிறோம்.

பட்டினியில் வெட்டிய, வெள்ளைக்காரன் சரக்கு ஓட்டிய கால்வாய்க்காக ஏன் அழ வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படகுக் காலத்தை நினைத்து ஏங்க எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நான் இருப்பது செம்பாக்கத்தில். எங்கள் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு. அடுத்து இதே கால்வாய். கடைசியில் முட்டுக்காட்டில் கடல். மழைக்காலத்தில் என் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருந்தால், அதில் இந்தச் ‘செத்த’ கால்வாய்க்கும் பங்குண்டு. அது இன்னும் வேலை செய்கிறது. செத்ததென்று சொல்லிவிட்டால் அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, குப்பையும் கொட்டலாம். அந்தச் சொல்லில் இருப்பது நம்முடைய வசதி.

பயன் தீர்ந்த ஒன்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா என்பது கஷ்டமான கேள்விதான். பயனை வாங்கிக்கொண்டே இல்லையென்பது சரியா என்பதில் அப்படியொரு கஷ்டமில்லை. அரை வயிற்றுக்கு மண் சுமக்க வைத்தவர்களும், தாங்கள் தர்மம் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

போன வருடம் எங்கள் அபார்ட்மெண்டில் கழிவுநீர் லாரி வந்தபோது, “இதை எங்கண்ணே கொண்டுபோய் ஊத்துவீங்க?” என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?” என்றார். எனக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.