பிறர் விலகிய இடம்



ஒருவருக்கு நேர்ந்த இடையூற்றினால் நமக்கொரு நன்மை வாய்க்குமானால், அதைக் குறித்து மகிழலாமா? கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் விடுப்பில் போனவருக்குப் பதிலாய்ப் பாடம் நடத்தும் ஆசிரியையைக் கேட்டுப் பாருங்கள். நிரந்தர ஆசிரியை நோயில் விழுந்தார் என்ற செய்தியைக் கேட்ட மாத்திரத்தில், "ஐயோ பாவம்" என்று நா சொல்லுமுன் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியதை அவர் அறிவார்.

அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில் இதற்கென்றே ஒரு தொழில் உண்டு. முதலில் பந்தெறிபவர் களைத்தாலும் காயப்பட்டாலும், ஓரமாய்க் காத்திருக்கும் வேறொருவர் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பார். பனாமா நாட்டு மீனவர் மகனான மரியானோ ரிவேரா இவ்விதம் 652 ஆட்டங்களைத் தம் அணிக்குக் காத்துக் கொடுத்தார். 2019-ல் ஒரு வாக்கும் குறையாமல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குமுன் எவருக்கும் அது கிட்டியதில்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியதும், பந்து வீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017-ல் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. பின்பு ஹைதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறக்கப்படவில்லை. 2020-ல் இறக்கினார்கள். மட்டையாளர் காலடியிலேயே விழும் யார்க்கர் பந்துகளால் 16 விக்கெட்டுகள் எடுத்தார்.

அவ்வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் எடுக்கப்பட்டபோதும், வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடும் வேலைதான் அவருக்கு. அங்கே ஷமிக்குக் கை முறிந்தது. உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் பிடித்தது. பும்ராவுக்கு வயிற்றுத் தசை வலித்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், பிறகு இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று, ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார் நடராஜன். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றறியாத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது.

ஆக, பிறருடைய காயங்களே அவருக்கு வாசலாயின. இதில் குற்றமுண்டா?

ஸ்ரீரங்கத்தார் கொள்ளிடத்தை நினைத்துப் பார்க்கலாம். வருஷத்தில் பெரும்பகுதி அது வெறும் மணல்வெளி. வெள்ளம் வந்தால் முக்கொம்பில் மிகுதித் தண்ணீரை அதுவே ஏற்றுக்கொள்கிறது. கொள்ளிடம் வெள்ளத்தை விரும்பியது என்று எவரும் பழி சொல்வதில்லை. இவ்வுவமை ஓரளவுக்குத்தான் செல்லும் என்பது மெய்யே. ஆற்றுக்கு ஆசையில்லை, மனிதனுக்கு உண்டு. (ஏற்றுக்கொள்ளும் ஆற்றுக்கும் நோவு உண்டு போலும்: 2018 ஆகஸ்டில் முக்கொம்பின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் சரிந்தன.)

என் எண்ணம் இது. முதலில் எழும் துள்ளல் நம் வசத்தில் இல்லை. அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம். அதற்குத் தீனி போடுவது நம் வசத்தில் இருக்கிறது. காத்திருப்போர் இரு வகையினர். ஒருவர் பிறருடைய இருமலை எண்ணிக்கொண்டிருப்பார். அவருடைய மனம் நாற்காலியின்மேல். மற்றவர் நாளைய பாடத்தை ஆயத்தம் செய்துகொண்டிருப்பார். அவருடைய மனம் வேலையின்மேல். வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டமே கிட்டாத இரண்டு பருவங்களில் கை பழக்கம் விட்டுப்போயிருந்தால், மூன்றாம் பருவத்தில் அந்த யார்க்கர் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. 2021 மார்ச் 28-ல் புனேயில் இங்கிலாந்துடன் ஆட்டம். கடைசி ஓவரில் அவர்களுக்குத் தேவை 14 ஓட்டங்கள். சாம் கரன் விளாசிக்கொண்டிருந்தார். பந்து நடராஜன் கையில் கொடுக்கப்பட்டது. இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. அடுத்த மாதமே அவருடைய முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை. இம்முறை அவர் விலகிய இடத்தில் வேறு இளைஞர்கள் வந்து நின்றார்கள். 2025 வரை இந்திய அணிக்காக அவருக்கு மறுபடி ஆட்டம் கிட்டவில்லை. அவ்விளைஞர்களை நாம் குறை சொல்வோமா? சொல்லமாட்டோமெனில், 2020-ல் அவரையும் சொல்ல நியாயமில்லை.

2023-ல் சின்னப்பம்பட்டியில் தம் பெயரால் அவர் அமைத்த ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே பந்து வீசிப் பழகுகிறார்கள்.