பெற்றோரின் இறுதி நோயில் பிள்ளைகளின் கடமை



அல்லாஹுத்தஆலா திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில், 23, 24 ஆகிய வசனங்களில், தன்னை மட்டுமே வணங்கவேண்டுமெனக் கட்டளையிட்ட கையோடு, பெற்றோருக்கு உபகாரம் செய்யும்படி கட்டளையிடுகிறான். அவர்கள் நம்மிடத்தில் முதுமையடைந்துவிட்டால் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்கூட நம் நாவிலிருந்து வெளிப்படலாகாது என்று தடுக்கிறான். இதை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், பெற்ற தந்தை படுத்த படுக்கையாகி, இரவில் பத்து முறை கூப்பிடும்போதுதான் இக்கட்டளையின் கனம் நமக்கு விளங்குகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும் நாம், ஈரலில் புற்றுநோய் கண்ட பெரியவர்களைப் பல வீடுகளில் பார்க்கிறோம். இந்நோய் வெகுகாலம் சத்தமின்றி உள்ளேயே வளரக்கூடியது. வயிற்றில் நீர் கோத்து, கண்கள் மஞ்சளித்து, உடல் இளைத்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது. அப்போது டாக்டர் மகனைத் தனியே அழைத்து, குணமாக்கும் கட்டம் கடந்துவிட்டது என்கிறார். "ஹஜ்ரத், இனி நாங்கள் அத்தாவுக்கு என்னதான் செய்வது?" என்று பிள்ளைகள் கண்ணீரோடு கேட்கிறார்கள்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. குணமாக்கும் பொறுப்பை அவன் நம் தலையில் சுமத்தவில்லை. கித்மத் செய்வதையே நம்மீது கடமையாக்கியிருக்கிறான். மருந்து பலிக்காமல் போகும்போது கித்மத் முடிந்துபோவதில்லை; அதன் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு வழிகாட்டி வேண்டுமா? ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்த நாட்களைப் பாருங்கள். நோயாளிக்கும் பிள்ளைக்கும் வேண்டிய பாடம் அனைத்தும் அந்தச் சிறிய அறைக்குள் இருக்கின்றது.

உண்மையை மறைக்கலாமா?

அந்நோயின்போது அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களை அருகழைத்துக் காதில் ஏதோ சொன்னார்கள், மகளார் அழுதார்கள். மீண்டும் ஏதோ சொன்னார்கள், மகளார் சிரித்தார்கள். முதலில் சொன்னது, இந்நோயிலேயே தாம் பிரியப்போகும் செய்தி. இரண்டாவது, குடும்பத்தாரில் முதலாவதாகத் தம்மை வந்தடைபவர் அவரே என்ற செய்தி. ஸஹீஹுல் புகாரீயில் பதிவான இந்த நிகழ்ச்சியைச் சிந்தியுங்கள். தந்தைக்கும் மகளுக்குமிடையே மரணம் மறைக்கப்படவில்லை, அன்போடு பேசப்பட்டது.

நம் வீடுகளிலோ, "அத்தாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார், வாயுக் கோளாறு என்றே சொல்லுங்கள்" என்று உறவினர் வாயையெல்லாம் கட்டிவிடுகிறோம். பாசத்தால்தான் செய்கிறோம். ஆயினும் அதனால் அவருக்கு நேரும் நஷ்டத்தை எண்ணவேண்டாமா? கடனை அடைக்கவும், வஸிய்யத் செய்யவும், மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும், தவ்பா செய்யவும் மார்க்கம் அவருக்குத் தந்திருக்கும் அவகாசம் வீணாகிவிடுகிறதே!

ஈரல் நோயில் இந்த அவகாசம் இன்னும் குறுகியது. இரத்தத்திலுள்ள நச்சுப்பொருள்களை நீக்குவது ஈரலின் வேலை. அது தளர்ந்துவிட்டால் நச்சு மூளைக்கு ஏறி, நோயாளிக்குப் பகல் இரவு குழம்பும். ஆள் அடையாளம் தவறும். சாந்தமானவர் சீறி விழுவார். மலச்சிக்கல்கூட இந்நிலையை மோசமாக்கும். ஆகவே குழப்பம் தலைகாட்டியதுமே டாக்டரிடம் சொல்லவேண்டும். புத்தி தெளிவாக இருக்கும் நாட்களிலேயே, அவர் கேட்குமளவுக்கு, மெல்ல மெல்ல, அல்லாஹ்வின் ரஹ்மத்தை நினைவூட்டியபடி உண்மையைச் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் அவர் ஏசினால் அதை மனத்தில் வைக்காதீர்கள். அது அத்தாவின் சொல்லல்ல, நோயின் சொல்.

சொத்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. நம் பகுதியில் அரை கிரவுண்டு மனையும் இன்று பெரும் விலை பெறுகிறது. நினைவு தடுமாறும் தந்தையின் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை பதிக்கும் மகன், தன் சகோதரிகளின் பங்கை அபகரிக்கிறான். மரண நோயில் செய்யும் அன்பளிப்பு வஸிய்யத்தின் சட்டத்திற்கு உட்பட்டது. மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்குச் செல்லவும் செய்யாது.

நோயாளியின் விருப்பம்

அதே நோயின்போது, நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டாமெனச் சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்தின்மீதுள்ள வெறுப்புதான் இது என்றெண்ணிய குடும்பத்தார் அவர்களின் வாயில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் அண்ணலார் அதைக் கண்டித்தார்கள். இதுவும் புகாரீயில் உள்ளதே. நாட்டு மருந்து, லேகியம், விளம்பர மருந்து என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிவந்து, வாந்தியெடுக்கும் தந்தையின் வாயில் திணிப்பவர்கள் இந்த ஹதீஸைக் கவனிக்கவேண்டும். தளர்ந்த ஈரலுக்குச் சில மூலிகைகளும், அளவு மீறிய சாதாரணக் காய்ச்சல் மாத்திரையும்கூடக் கேடு. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள். பலனில்லை என்று தெரிந்த சிகிச்சைக்காக வீட்டை விற்று, உம்மாவையும் குமர்ப் பெண்களையும் தெருவில் நிறுத்துவதை எந்தத் தந்தையும் விரும்பமாட்டார். அவரையே கேளுங்கள்.

வலியைத் தணிப்பது

ஏழு தோல்பைகளின் நீரைத் தம்மீது ஊற்றும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள், ஊற்றப்பட்டது. காய்ச்சலின் வேதனைக்கு இதம் தேடுவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. இன்று கடும் வலிக்கு டாக்டர்கள் மார்ஃபின் கொடுக்கிறார்கள். "போதைப் பொருளாயிற்றே, ஹராமல்லவா?" என்று சிலர் தயங்கி, பெற்றவரைத் துடிக்கவிடுகிறார்கள். வேறு மருந்தால் அடங்காத வலிக்கு, நம்பகமான டாக்டர் அளந்து தருவது நிர்ப்பந்தத்தின் சலுகையில் அடங்கும். ஈரல் நோயாளிக்கு அளவு குறையும். அதை டாக்டரே தீர்மானிக்கட்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் கிடைக்காதிருந்த இம்மருந்து கிடைப்பதற்காகவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகனுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ உரிமையுண்டு.

தொழுகையைப் பொறுத்தவரை, நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்துச் சைகையாலும் தொழலாம். தண்ணீர் கேடு செய்யுமானால் தயம்மும் போதும். வயிற்றிலோ சிறுநீர்ப் பாதையிலோ குழாய் பொருத்தியிருப்பவர், தொழுகையை விட்டுவிடாமல், மஹல்லா ஆலிமிடம் தம் மத்ஹபின் சட்டத்தைக் கேட்டு நடக்கட்டும். புத்தி முற்றிலும் மங்கியவரை வற்புறுத்தவேண்டாம்.

சுற்றத்தாரின் நாவு

ஈரல் நோய் என்றதும், "குடிப்பழக்கம் இருந்திருக்குமோ?" என்று சிலர் திண்ணையில் முணுமுணுக்கிறார்கள். ஹுஜுராத் அத்தியாயம் 12-ஆம் வசனம் தடுத்த தீய எண்ணமும் புறமும் இதுவே. ஆயுளில் ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளும், சர்க்கரை நோயோடு சேர்ந்த ஈரல் கொழுப்பும் இதற்கு முக்கிய காரணங்கள்.

பி வகைக் கிருமி இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, கட்டியணைப்பதாலோ பரவாது. ஆகவே தட்டையும் தம்ளரையும் தனியே வைத்து அவர் மனத்தை உடைக்காதீர்கள். சவரக் கத்தியைப் பொதுவாக்காதீர்கள். அவருக்கு அக்கிருமி இருந்தால், வீட்டார் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மகனையும் பேரனையும் இதே நோயிலிருந்து காக்கும் வழி அது.

கடைசிப் பணிவிடை

நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நேரத்தில் ஒரு மிஸ்வாக்கை நோக்கினார்கள். அந்தப் பார்வையைப் புரிந்துகொண்ட ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பல்லால் மென்மையாக்கிக் கொடுத்தார்கள். பேச முடியாதவரின் பார்வையைப் படிப்பதற்குப் பெயர்தான் கித்மத்! உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சால் நனையுங்கள். படுக்கைப் புண் வராமல் மெல்லப் புரட்டிப் படுக்க வையுங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் செய்ததுபோல் குல்அஊது சூராக்களை ஓதித் தடவுங்கள். உம்மாவும் மருமகளும் மட்டுமே இரவு முழுதும் விழித்திருக்க, ஆண்பிள்ளைகள் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியதோடு கடமை தீர்ந்ததென்று ஒதுங்கலாகாது. முறை வைத்து விழித்திருங்கள். ஜமாஅத்தாரும் ஒரு இரவையாவது ஏற்றுக்கொள்ளட்டும்.

தந்தையின் வேதனை கண்டு ஃபாத்திமா (ரலி) அவர்கள் துயரப்பட்டபோது, இன்றைய தினத்திற்குப் பின் உன் தந்தைக்குத் துன்பமே இல்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். ஈமானோடு பிரியும் ஒவ்வொரு தந்தைக்கும் அந்த ஆறுதலை நாம் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கிறோம்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் எங்கள் பெற்றோருக்கு ஷிஃபாவை அருள்வாயாக! ஆயுள் முடிந்தவர்களுக்கு வேதனையை இலேசாக்கி, கலிமாவோடு அழைத்துக்கொள்வாயாக! சலிப்பில்லாத நாவையும் சோர்வில்லாத கைகளையும் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.