எலியின் எலும்பும் பெத்தாவின் எலும்பும்



வயதான தாயொருத்தி கிணற்றடியில் கால் வழுக்கி விழுகின்றாள். அதே இடத்தில் பேரன் விழுந்தால் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவளுக்கோ இடுப்பெலும்பு முறிந்துவிடுகின்றது. அதன்பின் கட்டிலும் சுவருமே அவளுடைய உலகம். இப்படி ஒருவரையாவது அறியாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் உடலில் ஈஸ்ரோஜன் என்னும் ஓமோன் குறைகின்றது. எலும்பு கரைகின்ற வேகத்துக்கு ஈடாகப் புது எலும்பு வளர்வதில்லை. வெளியே யாருக்கும் தெரியாமல் உள்ளே துளை பெருகி, ஒரு நாள் முள்ளந்தண்டோ இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பிறகுதான் வீட்டார் விழித்துக்கொள்கின்றார்கள்.

இந்த எலும்பு நலிவுக்குச் சீன தேசத்தில் செய்யப்படும் பழைய வைத்தியங்களுள் ஒன்று சூட்டூசி. மெல்லிய ஊசியைத் தோலுக்குள் செலுத்தி, வெளியே நிற்கும் அதன் காம்பில், காயவைத்துப் பஞ்சுபோலாக்கிய ஒரு மூலிகையைச் செருகிக் கொளுத்துவார்கள். நாம் மாசிபத்திரி என்று சொல்லும் செடியின் இனம் அது. அனல் ஊசி வழியாக உள்ளே இறங்கும். எலும்பைச் சிறுநீரகம் ஆளுகின்றது என்பது சீன வைத்தியரின் பழைய கொள்கை. ஆகையால் இடுப்புக்கு மேலே முதுகிலும், முழங்காலுக்குக் கீழேயும் குறிப்பிட்ட இடங்களைத் தெரிந்தெடுக்கின்றார்கள். ஊசி வைத்தியம் இலங்கையருக்குப் புதிதன்று. களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய அதைச் செய்தும் கற்பித்தும் வந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஊசி குத்திக்கொள்வது கத்தோலிக்கருக்குத் தகுமா என்று கேட்பவர்களும் உண்டு. உடலுக்குச் செய்யும் வைத்தியமாக மட்டும் அது நிற்கும்வரை அதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயம் வேறிடத்தில்.

சூட்டூசி எலும்பை உண்மையில் வலுப்படுத்துகின்றதா என்று அறிய, சீன ஆய்வுகூடங்களில் எலிகளைப் பயன்படுத்துகின்றார்கள். இளம் பெண் எலிகளின் சூலகங்களை அறுத்தெடுத்துவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நேர்வதைப்போல, சில வாரங்களில் அவற்றின் எலும்பும் நலியத் தொடங்கும். பின்னர் அவற்றைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சூட்டூசி, இன்னொன்றுக்கு மருந்து, வேறொன்றுக்கு ஒன்றுமில்லை என்று விடுவார்கள். ஊசி ஏற்றும் நேரமெல்லாம் எலி அசையாமல் இருக்க வேண்டும். அது தானாக அசையாமல் இருக்காது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பல வாரங்களின்பின் எல்லா எலிகளையும் கொன்று, தொடை எலும்பையும் முள்ளந்தண்டையும் எடுத்து அளந்து பார்ப்பார்கள். இது ஓரிடத்தில் ஒருமுறை நடந்ததன்று. வெவ்வேறு ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றது.

பெத்தாவின் இடுப்புக்காக நோயில்லாத ஒரு பிராணியை நோயாளியாக்கலாமா?

எங்கோ சீனத்தில் நடப்பது நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். சித்தாண்டிக்கு அண்டையிலுள்ள வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் வைத்தியமும் கற்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கின்றார்கள். உங்கள் மகளோ மகனோ ஏதாவதொரு ஆய்வுகூடத்தில் நாளை எலிக்கூட்டின் முன் நிற்கக்கூடும். அப்போது அந்தப் பிள்ளை உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பிராணியின் உடலில் சூடு படுவது சித்தாண்டிப் பக்கத்தாருக்கு அறியாத சங்கதியன்று. வயலும் மாட்டுப்பட்டியும் சேர்ந்தே வளர்ந்த ஊர் அது. எவருடைய மாடு என்று காட்டக் குறி சுடுவது மட்டக்களப்பில் நெடுங்கால வழக்கம். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல் என்ற பழமொழியும் நம்முடையதுதான். குறி சுடும்போது மாடு துடிக்கின்றது. அதை நான் மெச்சவில்லை. ஆனாலும் அந்த மாட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அது நோயுற்றால் இரவில் எழுந்து போய்ப் பார்ப்பவனும் அவன்தான். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியபோது, இடத்துக்காக மாத்திரம் அவர்கள் முறையிடவில்லை. வெடியிலும் சுருக்கிலும் அகப்பட்டுச் செத்த மாடுகளுக்காகவும் முறையிட்டார்கள். பாலுக்காகத்தான் மாடு வளர்த்தார்கள், மறுப்பதற்கில்லை. எனினும் மாட்டைப் பால் தரும் யந்திரமாக அவர்கள் எண்ணியிருந்தால் அந்தக் குரல் அப்படி எழுந்திராது.

ஆய்வுகூட எலிக்கோ அப்படிச் சொந்தம் ஒன்றில்லை. அதன் நோயும் அதற்குச் சொந்தமானதன்று, நாம் வரவழைத்தது. அனலும் அதன் சுகத்துக்கன்று. ஆகவேதான் அங்கே நியாயம் இன்னும் கண்டிப்பாகக் கேட்கப்பட வேண்டும் என்கின்றேன்.

ஆண்டவர் மனிதனுக்குப் பிராணிகள்மீது ஆட்சி கொடுத்தார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கின்றோம். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யலாம் என்பவர்கள் நம்மிடையே உண்டு. அதே வேதாகமத்தில், தன் கழுதையை மூன்று முறை அடித்த பாலாமை அந்தக் கழுதையே நியாயம் கேட்டதும், அடித்தது ஏன் என்று சம்மனசானவர் கடிந்துகொண்டதும் எழுதப்பட்டிருக்கின்றன. நீதிமான் தன் கால்நடையின் உயிரையும் கவனிப்பான் என்ற கருத்து நீதிமொழிகளில் இருக்கின்றது. அக்குவினாஸ் தோமையார் பிராணிகளுக்கு நம்மைப்போன்ற பகுத்தறிவுள்ள ஆன்மா இல்லை என்றவர். அவரும்கூட, பிராணிக்குக் கொடுமை செய்து பழகியவன் மனிதனுக்கும் செய்வான் என்று எச்சரித்தார். இந்த நியாயம் எனக்குச் சற்றுக் குறைவாகவே படுகின்றது. கொடுமை செய்கின்றவன் கெட்டுப்போவான் என்பது மெய்யே. ஆனால் துடிப்பது அவனல்லவே!

திருச்சபை பின்னர் இதைத் தெளிவாகச் சொன்னது. 1982 ஒக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்தாரிடம் பேசியபோது, மனிதனின் நன்மைக்காகப் பிராணிகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம், ஆயினும் அவை கடவுளின் படைப்புகள் என்பதை மறக்கலாகாது என்றார்; இத்தகைய பரிசோதனைகள் குறைந்து வருவது படைப்பு முழுவதற்கும் நல்லது என்றும் கூறினார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இரண்டு நிபந்தனைகளை வைக்கின்றது: பரிசோதனை நியாயமான எல்லைக்குள் நிற்க வேண்டும், மனித உயிரைக் காப்பதற்கோ சுகப்படுத்துவதற்கோ உதவ வேண்டும். தேவையின்றிப் பிராணியை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே விரோதம் என்றும் அங்கே படிக்கின்றோம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் அதையே மீண்டும் எடுத்துச் சொன்னார்.

எலியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதைச் சொல்லமாட்டேன். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ற் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் பயனாகவே, 1922 சனவரியில் சாகக் கிடந்த ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்ற முடிந்தது. இன்று இன்சுலின் ஏற்றிக்கொண்டு பூசைக்கு வருகின்றவர்கள் எத்தனைபேர் என்று உங்கள் கோயிலிலேயே எண்ணிப் பாருங்கள். 1955இல் வந்த போலியோத் தடுப்பு மருந்து குரங்குகளின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்பட்ட கிருமிகொண்டு செய்யப்பட்டது. பிராணிகளை விட்டுவிட்டால் புதிய மருந்தை முதலில் யாருக்குக் கொடுப்பார்கள்? பணக்காரனுக்கா? நாசிகளின் முகாம்களில் கைதிகளுக்கு வைத்தியர்களே செய்த கொடுமைகளை விசாரித்தபின், 1947இல் நூரெம்பேர்க் நீதிமன்றம் வகுத்த விதிகளுள் ஒன்று, மனிதரில் செய்யும் பரிசோதனை பிராணிகளில் கண்ட முடிவுகளை அடிப்படையாகக்கொள்ள வேண்டும் என்பதாகும். அந்த விதியை மனிதரின் இரத்தம் எழுதுவித்தது. எலியின்மேல் இரக்கப்பட்டு ஏழையை எலியாக்கிவிடக் கூடாது.

ஆனால் சூட்டூசியின் சங்கதி வேறு. இன்சுலின் முன்பின் அறியாத மருந்து. நாயைக் கடந்தே மனிதனிடம் வர வேண்டியிருந்தது. சூட்டூசியோ மனித உடலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் சிகிச்சை. அதன் ஆபத்து என்ன, அளவு என்ன என்பதை வைத்தியர்கள் மனிதரிடமே கண்டிருக்கின்றார்கள். சம்மதிக்கின்ற தாய்மாரை அழைத்து, கதிர்ப்படத்தால் எலும்பின் அடர்த்தியை அளந்து, சிகிச்சை செய்து, ஒரு வருடத்தின்பின் மறுபடி அளக்கலாம். வாயுள்ளவள் வலித்தால் சொல்வாள். வேண்டாமென்றால் எழுந்து வீட்டுக்குப் போவாள். அப்படியிருக்க, மனிதரிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எலியிடம் திரும்பக் கொண்டுபோவது ஏன்?

விஞ்ஞானிகளிடம் இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மனிதன் நம்பிக்கையாலும் சுகப்படுவான். ஊசி ஏறிவிட்டது, இனி நோவு குறையும் என்று நினைத்த மாத்திரத்திலேயே பாதி நோவு போய்விடும். எலிக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆகவே எலியின் எலும்பு தேறினால் அது எண்ணத்தால் தேறியதன்று என்பார்கள். மேலும் எலும்பின் உள்ளே என்ன நடக்கின்றது என்று அறுத்துப் பார்க்க மனித எலும்பு கிடைக்காது.

இந்தப் பதிலுக்கு மதிப்புண்டு. என்றாலும் அது முழுவதும் நிற்காது. தோலில் ஏறாமல் காம்புக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் போலி ஊசி 1998இலேயே ஜெர்மனியில் செய்யப்பட்டுவிட்டது. ஊசி ஏறியதாக நம்புகின்றவரையும் உண்மையில் ஏறியவரையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவுகின்றது. எலியின் எலும்போ வாழ்நாளின் பெரும்பகுதியும் வளர்ந்துகொண்டேயிருப்பது. நம் தாய்மாரைப்போல விழுந்து இடுப்பு முறிந்த கிழட்டு எலியைக் காண்பதரிது. கட்டுண்டு மிரண்டிருக்கும் எலியின் உடல் அமைதியாகப் படுத்திருக்கும் பெண்ணின் உடலைப்போல வேலை செய்யும் என்று எப்படிக் கொள்வது? உள்ளே நடப்பதை அறிய ஓரிரு முறை எலியை நாடினார்கள் என்றால் பொறுக்கலாம். அதே சூலகத்தை அறுத்து, அதே ஊசியைக் குத்தி, அதே எலும்பை மறுபடி மறுபடி அளப்பது, மறைக்கல்வி சொல்லும் நியாயமான எல்லைக்குள் அடங்குமென்று எனக்குத் தோன்றவில்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் ஒரு கட்டுரை வேண்டும் என்பதற்காக ஒரு பிராணி சாகுமாயின், அது பெத்தாவுக்காகச் செத்ததாகாது.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒரு விடை உண்டு. 1959இல் ரசல், பேர்ச் என்ற ஆங்கிலேயர் இருவர் எழுதிய நூல் இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களுக்கு அளவுகோலாக இருக்கின்றது. பிராணியில்லாமல் இதை அறிய முடியுமா, முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை போதுமா, வேதனையைத் தணிக்க வழியுண்டா என்று அவர்கள் கேட்கச் சொன்னார்கள். இவற்றை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்க மாணவனுக்கு உரிமை உண்டு. இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907இல் இயற்றப்பட்டது. ஆனால் கேட்கின்ற மாணவனைப்போல எந்தச் சட்டமும் கூட்டின் அருகே நிற்பதில்லை. பெற்றோர் அவனை, வாயை மூடிக்கொண்டு படி என்று அடக்காதிருந்தால் போதும்.

வீட்டிலிருக்கும் பெத்தாவுக்கு வருவோம். எலும்புக்குப் பாலும் தயிரும் நெத்தலியும் கீரையும் வெயிலும் நடையும் நல்லவை. பாலையெல்லாம் விற்றுவிட்டு வெறுந்தேநீர் குடிக்கும் தாய்மார் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றார்கள். ஒரு கோப்பையாவது அவர்களுக்கு மிஞ்சட்டும். எலும்பு நலிந்துவிட்டதென்று வைத்தியர் கண்டு அலென்ட்ரோனேற் மாத்திரை எழுதித் தந்தால், எலியை நினைத்து அதை மறுக்க வேண்டாம். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தும் சூலகம் அறுக்கப்பட்ட எலிகளையும் பபூன் குரங்குகளையும் கடந்தே வந்தது. அது தேவைக்குச் செய்த பரிசோதனை. வாரம் ஒருமுறை குடிக்கும் மாத்திரையானால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் பெத்தா செபமாலை சொல்லி முடித்துவிடுவாள். அந்தப் பிராணிகளைப் படைத்தவருக்கு ஒரு நன்றியும் சேர்த்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டுப் பாருங்கள்; ஏனென்று கேட்பாள், நீங்கள் கதையைச் சொல்லலாம்.