யார் மேல் தவறு?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குப் பாதை பிரியும் கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களில், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் பலர். பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கவென்று வாங்கிக் கொடுத்த போனில்தான் அந்தக் குரலும் வருகிறது: “பேங்க்லேருந்து பேசுறோம் சார், உங்க போன்ல வைரஸ் இருக்கு. சரி பண்ணலன்னா அக்கவுண்ட் முடங்கிடும்.” பிறகு எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார்கள். அதைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், இங்கே வரும் ஓடிபி அங்கே தெரியும். தொலைவிலிருந்து பழுது பார்க்க உருவான செயலி அது, திருடனுக்கும் உதவுகிறது. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது.

பணம் போனதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “யாரைக் கேட்டு நம்பர் சொன்னீங்க?” ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் ஏறக்குறைய அதையே கேட்டது. ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க அவருடையது என்றது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமா? தாலுகா ஆபீசிலும் வங்கி கவுண்டரிலும் அதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே வாழ்நாள் முழுதும் பழகியவர் அவர். அந்தப் பணிவைத்தான் திருடன் பிடித்துக்கொள்கிறான். எல்லா நஷ்டத்தையும் வங்கியே ஏற்றால் யாருக்கும் எச்சரிக்கை இருக்காது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டன் அதற்கு ஒரு வழி கண்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய உள்நாட்டுப் பணத்தை 85,000 பவுண்டு வரை அங்கே திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் இருந்தவரிடம் ‘நீ எச்சரிக்கையாக இல்லை’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. திருட்டுப் பணம் இறங்கிய கணக்கைத் திறந்து கொடுத்ததும் ஒரு வங்கிதானே!

வீட்டுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. “இனிமே உங்களுக்குப் போனே வேணாம்” என்று பிடுங்கி வைக்கும் மகனிடம் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அது பறிகொடுத்தவருக்கே தண்டனை. திட்டு விழும் என்று பயந்தவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே தகவல் போனால்தான், பணம் கணக்குக் கணக்காகத் தாவுவதற்குள் முடக்க வழி உண்டு. அவர் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். ஆகவே, “பேசுறது யாரா இருந்தாலும் கட் பண்ணிடுங்கப்பா, எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்க, கோபிக்க மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது பிள்ளையின் கடமை. சொன்னபடி கோபிக்காமல் இருப்பது அதைவிடக் கடினமான கடமை.

கூப்பிடவும் ஆளில்லாதவர்கள் உண்டு. வைப்புத்தொகையை அவசரமாக உடைக்க வந்து நிற்கும் பெரியவரிடம், “யாராவது போன்ல சொன்னாங்களாங்கய்யா?” என்று கவுண்டரில் இருப்பவர் கேட்டாக வேண்டும், பின்னால் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும்.